பள்ளி பூட்டியிருந்தபோது பிள்ளைகளைப் பார்த்தது யார்?

தமிழ்நாட்டில் 2020-ம் ஆண்டின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் 27 அன்று தொடங்கியிருக்க வேண்டும். கொரோனா ஊரடங்கு வந்தது. ஜூன் 1 என்றார்கள். பிறகு ஜூன் 15 என்றார்கள். ஜூன் 9 அன்று தேர்வே ரத்து, அனைவரும் தேர்ச்சி என்று அறிவிப்பு வந்தது. ‘ஆல் பாஸ்’ என்றதும் பெரியவர்கள் நிம்மதி அடைந்தார்கள். அதுவரை அந்தப் பிள்ளைகள் அதே புத்தகங்களைப் படிக்கவும் முடியாமல் மூடிவைக்கவும் முடியாமல் இரண்டரை மாதம் தவித்திருந்தார்கள். எப்போது முடியும் என்று தெரிந்த கஷ்டத்துக்கு மனம் தன்னைத் தயார்படுத்திக்கொள்ளும். முடிவு தெரியாத காத்திருப்பில் தூக்கம் கெடும், எரிச்சல் ஏறும், பிடித்த விளையாட்டிலும் நாட்டம் போகும்.

பிள்ளைகளின் இந்தத் தவிப்பு உலகெங்கும் இருந்தது. 29 ஆய்வுகளைத் தொகுத்து, 80,000-க்கும் மேற்பட்ட சிறார்களின் நிலையை அலசிய கட்டுரை ஒன்று 2021-ல் வெளியானது. நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள், ஐந்தில் ஒருவருக்குப் பதற்றத்தின் அறிகுறிகள் இருந்தன. பெருந்தொற்றுக்கு முந்தைய மதிப்பீடுகளைவிட இது இரு மடங்கு. இந்தியாவில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவுசெய்த மாணவர் தற்கொலைகள் 2019-ல் 10,335, 2020-ல் 12,526, 2021-ல் 13,089. ஒவ்வொரு மரணத்துக்கும் பின்னால் பல காரணங்கள் இருக்கும். எல்லாவற்றையும் கொரோனாவின் கணக்கில் எழுத முடியாது. என்றாலும், பள்ளிகள் மூடியிருந்த ஆண்டுகளில் எண்ணிக்கை ஏறியதைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடவும் கூடாது.

பாடம் நின்றுவிடக் கூடாது என்று எல்லோரும் கவலைப்பட்டோம். கல்வித் தொலைக்காட்சி, வாட்ஸ்அப் குழு, ஆன்லைன் கிளாஸ் என்று மாற்றுவழிகளும் வந்தன. பிள்ளையைக் கவனிக்கும் கண்களுக்கு மாற்று தேட வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. நேற்றுவரை ஓயாமல் பேசிய பெண் இன்று கடைசி பெஞ்சில் ஒதுங்கினால் டீச்சருக்குத் தெரியும். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பைக்குள் வைத்தால் பக்கத்தில் இருக்கும் தோழிக்குத் தெரியும். கேமரா அணைந்து, மியூட்டில் கிடக்கும் பெயரைப் பார்த்து யாருக்கு என்ன தெரியும்? அந்தப் பெயர்கூட இல்லாத பிள்ளைகள் ஏராளம். வீட்டில் இருந்த ஒரே போனும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும்.

வேலையும் இல்லாத வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். கடன், குடி, சண்டை எல்லாவற்றிலிருந்தும் பகலில் சில மணி நேரமாவது விலகியிருக்கப் பள்ளி இடம் தந்திருந்தது. அது பூட்டியதும் பையன்கள் கூலிக்குப் போனார்கள். சில பெண்களுக்குக் கல்யாணமே முடிந்தது.

இரண்டாம் அலை சாவையும் வீட்டுக்குள் கொண்டுவந்தது. தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, ஒருவரை இழந்தவர்களுக்கு 3 லட்சம் என்று தமிழக அரசு 2021 மே மாதம் அறிவித்தது. அவசியமான உதவி. ஆனால் அப்பாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கக்கூட முடியாமல் போன பிள்ளையின் தோளில் கைபோட, பக்கத்து இருக்கை நண்பன் அப்போது அருகில் இல்லை.

2021 நவம்பர் 1 அன்று ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திறந்தன. முந்தைய ஆண்டு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்த குழந்தைகள், வகுப்பறைக்குள் முதன்முதலாகக் கால் வைத்தபோதே இரண்டாம் வகுப்பு. வரிசையில் நிற்பது, ரப்பரைப் பகிர்வது, சண்டைபோட்டுச் சமாதானமாவது எதற்கும் அவர்களுக்குப் பழக்கம் இல்லை. விட்டுப்போன பாடத்தை ஈடுகட்டத்தான் அதற்கு முந்தைய மாதம் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கப்பட்டது. அதன் பெரிய பலன் வேறு என்று நினைக்கிறேன்: தெருவிலேயே ஒரு அக்கா தன்னார்வலராக வந்து, மாலைதோறும் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்தார், வராதவரை ஏன் வரவில்லை என்று கேட்டார்.

வெள்ளத்துக்கும் காய்ச்சலுக்கும் பள்ளிகள் இனியும் மூடப்படும். அப்போது வகுப்பாசிரியர் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போன் செய்து, வீட்டுப்பாடத்தைப் பற்றிப் பேசாமல் பிள்ளையோடு ஐந்து நிமிடம் பேசுவதை அரசாணையாகவே போடலாம். தூக்கம், சாப்பாடு, நட்பு ஆகியவற்றில் இரண்டு வாரத்துக்கு மேல் மாற்றம் தெரிந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ மனநல ஆலோசனைச் சேவையின் எண் 14416. மாநில அரசின் உதவி எண் 104. 14416-ல் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.