நுவரெலியாவில் விட்ட சாட்சியம் கொழும்பில் கிடைக்குமா?

நுவரெலியா மேல் நீதிமன்றத்தில் ஒரு தோட்டத் தொழிலாளிக்குத் தண்டனை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "கொழும்புல அப்பீல் போட்டு எல்லாத்தையும் முதல்ல இருந்து சொல்லலாம்" என்று லயத்தில் ஆறுதல் சொல்வார்கள். அப்படி நடக்காது. மேன்முறையீட்டு நீதிமன்றம் பொதுவாகச் சாட்சிகளை மறுபடி கூண்டில் ஏற்றுவதில்லை. நீதியரசர்கள் பார்ப்பது வழக்கேட்டைத்தான். சாட்சி சொன்னது, சட்டத்தரணி ஆட்சேபித்தது, நீதிபதி அதற்கு இட்ட கட்டளை எல்லாம் அதில் இருக்கும்.

அந்த ஏட்டில் அவர்கள் தேடுவது என்ன? வரக்கூடாத சாட்சியம் உள்ளே வந்ததா, வரவேண்டியது வெளியே நிறுத்தப்பட்டதா என்பதைத்தான்.

முதல் வகைத் தவறுக்கு, 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தில் 25ஆம் பிரிவைப் பாருங்கள். பொலிஸ் உத்தியோகத்தரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டாலும், அதை உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. காட்டுச் சட்டத்தில் மாட்டியவர் வன அதிகாரியிடம் ஒப்புக்கொண்டதும், கசிப்பு வழக்கில் மதுவரி அதிகாரியிடம் ஒப்புக்கொண்டதும் அப்படியே. ஆனால் அந்தப் பேச்சால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் 27ஆம் பிரிவின் கீழ் உள்ளே வரலாம். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்டவரிடம் சொன்ன ஒப்புதலுக்கு வழி திறந்தது. எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகளின் வாழ்வைத் தின்ற வழி அது.

வரவேண்டியதை வெளியே நிறுத்தும் இரண்டாவது வகைத் தவறுக்கு மலாயாவில் நடந்த சுப்பிரமணியம் வழக்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கம்யூனிசக் கிளர்ச்சியை ஒட்டிய அவசரகாலம், 1955. ஜொகூரில் காயத்தோடு பிடிபட்ட ஒரு தமிழரிடம் 20 தோட்டாக்கள் இருந்தன. அதற்கு மரண தண்டனை. "பயங்கரவாதிகள் என்னைப் பிடித்து மிரட்டினார்கள், உயிருக்குப் பயந்துதான் வைத்திருந்தேன்" என்றார் அவர். அவர்கள் என்ன சொல்லி மிரட்டினார்கள் என்று சொல்லப்போனபோது விசாரணை நீதிபதி தடுத்துவிட்டார். பிறர் சொல்லக் கேட்டது சாட்சியம் ஆகாது என்றார்.

வழக்கு அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் கோமறைக் கழகத்துக்குப் போனது. 1956இல் தீர்ப்பை வாசித்தவர் இலங்கையரான எல். எம். டி. டி சில்வா. அவர் பிரித்துக் காட்டியது இதுதான்: பிறர் சொன்ன விஷயம் உண்மை என்று காட்டுவதற்காக அதைக் கொண்டுவந்தால் தடை உண்டு. அந்தச் சொல் சொல்லப்பட்டது, கேட்டவர் மனதில் பயம் விழுந்தது என்று காட்டுவதற்காக என்றால் தடை இல்லை. "வேலைக்குப் போனா லயத்தைக் கொளுத்திருவோம்" என்று ஒருவர் மிரட்டினால், அவர் உண்மையில் கொளுத்துவாரா என்பது கேள்வியே அல்ல. நீங்கள் ஏன் பயந்தீர்கள் என்பதுதான் கேள்வி. சுப்பிரமணியத்தின் மேன்முறையீடு ஏற்கப்பட்டது.

தவறு நடந்தாலே தீர்ப்பு கவிழ்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். நமது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 167ஆம் பிரிவு இன்னொரு கேள்வியையும் கேட்கிறது. தவறாக வந்த சாட்சியத்தைக் கழித்துவிட்டாலும், மீதி இருப்பது தீர்ப்பைத் தாங்குமா? மறுக்கப்பட்டது சேர்ந்திருந்தால் முடிவு மாறியிருக்க வேண்டுமா? சுப்பிரமணியம் தப்பியதும் இப்படி ஒரு கேள்வியில்தான். மறுக்கப்பட்டது அவருடைய எதிர்வாதத்தின் வேர். அதைக் கேட்டிருந்தாலும் முடிவு அதேதான் என்று நம்பிச் சொல்லக் கோமறைக் கழகத்தால் முடியவில்லை.

மலையகத்தில் என்னை மிகவும் வருத்துவது மொழி. பொலிஸ் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டிருக்கும், கீழே நம்மவர் கையெழுத்து இருக்கும். பிறகு சாட்சிக் கூண்டில் தமிழில் சொல்வது அதோடு பொருந்தவில்லை என்றால், "முரண்பாடு" என்று குறித்துக்கொள்வார்கள். "எனக்கு வாசித்து விளங்கப்படுத்தவில்லை" என்பதை அங்கேயே, விசாரணையிலேயே சொல்லி ஏட்டில் ஏற்ற வேண்டும். உரைபெயர்ப்பாளரைக் கேட்பது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தந்த உரிமை. கூச்சப்படாமல் கேளுங்கள்.

கால எல்லையையும் குறித்துக்கொள்ளுங்கள். நீதவான் நீதிமன்றத் தீர்ப்பானாலும் மேல் நீதிமன்றத் தீர்ப்பானாலும், குற்றவியல் மேன்முறையீட்டுக்கு 14 நாட்கள். சிறையில் இருப்பவர் மனுவைச் சிறைச்சாலை அத்தியட்சகர் மூலம் அனுப்பலாம்.