அக்காளும் தங்கையும் கேட்ட வானொலி

மலைநாட்டுத் தோட்டங்களிலே வானொலி கேட்பது ஒரு காலத்தில் பலர் கூடிச் செய்யும் காரியமாக இருந்தது. வலப்பனைப் பகுதியில் எம் தாயார் பிறந்த தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வீட்டில் மட்டுமே வானொலிப் பெட்டி உண்டு. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புவோர் அவ்வீட்டு வேலியோரம் நின்று பாட்டுக் கேட்பர். எம் தாயாரும் அவருடைய தங்கையும் நாள் தவறாமல் அங்கே நின்றவர்கள்.

1950இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தமிழகத்திலும் பெருஞ்செல்வாக்குப் பெற்றது. 1952இல் இந்திய ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் திரையிசையை அகில இந்திய வானொலியிலிருந்து ஒதுக்கிவைத்தார்; நேயர்கள் கொழும்பை நாடினர். அமைச்சர் பூட்டிய கதவு அயல்நாட்டு நிலையத்துக்கு வாசலைத் திறந்துவிட்டது, வேடிக்கைதான்! 1957இல் விவித பாரதி தோன்றிய பின்னரும் மயில்வாகனனாரின் குரலைத் தமிழகத்தார் கைவிடவில்லை.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. அவர்களுள் ஒருவராய் 1972இல் எம் சின்னம்மா தலைமன்னாரிற் கப்பலேறினார். நீலகிரியிலே கூடலூர்ப் பக்கம் மறுபடியும் தேயிலைத் தோட்ட வேலைதான். அதன்பின் சகோதரியர் இருவரும் சந்தித்தது ஒரே ஒரு முறை. ஆயினும் இலங்கை வானொலி அங்கும் கேட்டது. "அக்கா, நேற்று அந்தப் பாட்டை நீங்களும் கேட்டிருப்பீர்கள்" என்று சின்னம்மா கடிதத்தில் எழுதுவாராம்.

பிற்காலத்தில் பண்பலை நிலையங்கள் பெருகின. பண்பலை பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வது. குறுக்கே மலை நின்றால் பள்ளத்தாக்கில் இரைச்சலே மிஞ்சும். அயனமண்டலத்திற் பட்டுத் திரும்பிக் கடல் கடக்கும் சிற்றலையின் ஆற்றல் அதற்கில்லை. வீட்டுப் பழைய பெட்டியும் பழுதாகிப் பரணுக்குச் சென்றது. தாயார் வானொலியையே மறந்துவிட்டார் என்று நாம் எண்ணியிருந்தோம்.

உயர்தர வகுப்பில் பயிலும் எம் மகன் ஒருநாள் தன் கைத்தொலைபேசியிலே திருச்சி வானொலியை இணையத்தின் வழியாக ஒலிக்கச் செய்தான். 1939இல் தொடங்கிய நிலையம் அது. எம் பாட்டனாரின் பூர்விகமும் முசிறிப் பக்கம். இது வீண் செலவு என்று முதலில் தடுத்தவர் நாமே. பின்னர் கணக்கிட்டுப் பார்த்தோம். வினாடிக்கு 64 கிலோபிட் வீதம் வரும் ஒலிக்கு மணிக்கு 29 மெகாபைட் அளவே செலவாகும். படக்காட்சி பார்ப்பதோடு ஒப்பிட்டால் இது மிகச் சொற்பம். பெருமழையில் இணைப்பு அறுந்துபோவது மட்டும் எமக்குத் தீராத தொல்லை.

செய்தி கூடலூருக்கு எட்டியது. அங்கே பேத்தி ஒருத்தி சின்னம்மாவுக்கும் அதே நிலையத்தை எடுத்துக் கொடுத்தாள். இப்போது மாலையில் மற்றொரு தொலைபேசியிற் பேசிக்கொண்டே இருவரும் பாட்டுக் கேட்கின்றனர்.

ஒரு சங்கடம் உண்டு. இணையத்தில் ஒலி சிறு சிறு துண்டுகளாக வந்து சேர்கிறது. இடையிலே தடைப்படாதிருக்கக் கருவி சிலவற்றை முன்கூட்டியே சேர்த்துவைத்துப் பிறகே ஒலிக்கிறது. இந்தத் தாமதம் இரண்டு வீட்டிலும் ஒன்றாக இருப்பதில்லை. நீலகிரியில் சரணம் நடக்கும்போது வலப்பனையில் பல்லவி தொடங்கும். பாட்டு முடிந்துவிட்டதென்று சின்னம்மா சொன்னால் தாயாருக்குக் கோபம் வந்துவிடுகிறது.

"அடுத்த பாட்டு என்னவென்று மட்டும் சொல்லிவிடாதே, தங்கச்சி!" என்கிறார்.