உறவே ஈடு: வங்கிகளும் சமூக வலைப்பின்னல்களும்

1

2021இல் ஒரு நாள் காலை தெரியாத எண்ணிலிருந்து எனக்கொரு அழைப்பு. அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரின் பெயரைச் சொல்லி, "அவன் எங்ககிட்ட கடன் வாங்கிட்டுக் கட்டாம ஏமாத்தறான், உங்களத்தான் ஜாமீன் காட்டியிருக்கான்" என்றது குரல். அடுத்த பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் நண்பரின் புகைப்படம் வந்து சேர்ந்தது. கீழே 'திருடன்' என்று எழுதியிருந்தது. எனக்கு மட்டுமல்ல, அவருடைய மாமனாருக்கு, மகளின் டீச்சருக்கு, கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்கு என்று எல்லோருக்கும் போயிருக்கிறது. செல்பேசிச் செயலி ஒன்றில் நண்பர் கேட்டது 5,000 ரூபாய். கட்டணம் என்று பிடித்துக்கொண்டது போகக் கைக்கு வந்தது 3,200. ஏழு நாளில் முழுதாக 5,000 திருப்ப வேண்டும். எட்டாம் நாள் காலை நாங்கள் எல்லோரும் அவருக்கு ஜாமீன்தாரர்கள் ஆகியிருந்தோம்.

நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. என் எண் அவருடைய செல்பேசியில் இருந்தது, அவ்வளவுதான் விஷயம். ஓர் உறவு, அதில் சம்பந்தப்பட்ட இருவருக்குமே தெரியாமல், எப்படி ஈட்டுப் பொருளாக மாறுகிறது? சமூக வலைத்தளங்களை வங்கிகளும் பிற நிறுவனங்களும் எவ்வாறு பயன்படுத்தலாம் என்று வணிக உலகில் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லாடலை இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம்.

2

கடன் கொடுப்பவரின் ஆதிப் பிரச்சினை ஒன்றுதான்: எதிரே நிற்பவரை நம்பலாமா? சொத்துள்ளவரிடம் விடை சுலபம். பத்திரத்தை வை, நகையை வை. இல்லாதவரிடம் எதை வாங்கி வைப்பது? 1976இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் முகமது யூனுஸ் தொடங்கி, 1983இல் கிராமீன் வங்கியாக உருக்கொண்ட பரிசோதனை இதற்கு ஒரு விடை சொன்னது: உறவை வை. ஐந்து பேர் கொண்ட குழு. ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்களின் அடுத்த கடன் இழுபறியாகும். தமிழ்நாட்டில் 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992இல் நபார்டு வங்கி, நாடு முழுக்க 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைக் கொண்டுவந்தது.

இந்த ஏற்பாட்டை நாம் விமர்சித்திருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரியையே வசூல்காரியாக்குகிறது என்றோம். சரியான விமர்சனம்தான். ஆந்திரத்தில் நுண்கடன் நிறுவனங்களின் வசூல் நெருக்கடியும் தற்கொலைகளும் 2010 அக்டோபரில் அவசரச் சட்டம் வரைக்கும் போயின. ஆனாலும் குழுவில் ஒன்று இருந்தது. யார் யாருக்குப் பிணை என்பது அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். "இந்த வாரம் உனக்கு நான் போடறேன், அடுத்த வாரம் குடு" என்று சொல்ல ஒருத்திக்கு இடமிருந்தது. "இவளை நான் ஏத்துக்க மாட்டேன்" என்று மறுக்கவும் இடமிருந்தது. உறவு ஈடாக்கப்பட்டது, ஆனால் உறவுக்காரர்களின் கண் முன்னால். இணைய வலைப்பின்னல் பறித்துக்கொள்வது இந்தக் கண் முன்னால் என்பதைத்தான்.

3

நிறுவனங்கள் வலைப்பின்னலை மூன்று விதமாகக் கையாள்கின்றன எனலாம். வாயாக, தராசாக, கயிறாக.

வாய் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. விளம்பரம் செய்வது, புகாருக்குப் பதில் சொல்வது, கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வது. கோட்டக் மகிந்திரா வங்கி 2014இல் ஃபேஸ்புக், ட்விட்டரோடு இணைந்த 'ஜிஃபி' என்ற கணக்கை அறிமுகம் செய்தது. ஸ்டேட் வங்கி 2022இல் வாட்ஸ்அப் சேவையைத் தொடங்கியது. கிளைக்குப் போய் வரிசையில் நிற்கிற சிரமம் குறைகிறதென்றால் இதில் சண்டை போட எதுவுமில்லை. இங்கே நாம் பேசுகிறோம், நிறுவனம் பதில் சொல்கிறது. நாம் பேசுகிறோம் என்பது நமக்குத் தெரிந்திருக்கிறது.

தராசு அப்படியல்ல. இங்கே நிறுவனம் நம்மோடு பேசுவதில்லை, நம்மை வாசிக்கிறது. 2011இல் தொடங்கப்பட்ட லெண்டோ என்ற நிறுவனம், வங்கிக் கடன் வரலாறு இல்லாதவர்களை அவர்களது சமூக வலைத்தளத் தொடர்புகளைக் கொண்டு மதிப்பிட்டு, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில் கடன் கொடுத்தது. சீனாவில் ஆண்ட் நிறுவனம் 2015 ஜனவரியில் கொண்டுவந்த 'ழீமா' மதிப்பெண்ணின் ஐந்து அளவுகோல்களில் ஒன்று, ஒருவரது தொடர்புகள். அதே 2015இல் ஃபேஸ்புக்குக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கிடைத்தது. ஃப்ரெண்ட்ஸ்டர் நிறுவனத்திடமிருந்து 2010இல் விலைக்கு வாங்கியவற்றில் ஒன்று அது. அதில் விவரிக்கப்பட்ட பயன்களில் ஒன்று இது: ஒருவர் கடனுக்கு விண்ணப்பித்தால் அவரது நண்பர்களின் கடன் மதிப்பெண் சராசரியைப் பார்ப்பது. சராசரி குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் விண்ணப்பம் அடுத்த கட்டத்துக்குப் போகும், இல்லாவிட்டால் நிராகரிப்பு. காப்புரிமை என்பது நடைமுறை அல்ல, ஆனால் நிறுவனத்தின் கற்பனை எந்தத் திசையில் ஓடுகிறது என்பதற்குச் சாட்சி.

இதிலென்ன தப்பு, நண்பனைப் பார்த்துத்தானே ஆளை எடைபோடுகிறோம் என்று கேட்கலாம். நம் ஊரில் நட்பு வட்டம் எப்படி உருவாகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஊர் வேறாகவும் சேரி வேறாகவும் இருக்கிற இடத்தில், கல்யாணம் சாதிக்குள்ளேயே நடக்கிற சமூகத்தில், ஒருவரது செல்பேசியில் உள்ள எண்களின் பட்டியல் பெரிதும் அவரது தெருவின், சாதியின், வர்க்கத்தின் பட்டியல்தான். நண்பர்களின் சராசரி என்பது சாதி என்ற சொல்லை எழுதாமலே சாதியை வாசிக்கும் வழி. அமெரிக்காவில் 1930களில் அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் வரைந்த நகர வரைபடங்களில் கறுப்பின மக்களின் குடியிருப்புகள் சிவப்பு வண்ணத்தில் அபாயப் பகுதிகளாகக் குறிக்கப்பட்டன. அங்கே வரைபடமாவது ஆவணமாக எஞ்சியது. கணிப்பொறிக்குள் இருக்கும் சராசரியை எங்கே போய்க் கேட்பது? கடன் மறுக்கப்பட்டவருக்கு எந்த நண்பரால் மறுக்கப்பட்டது என்பதுகூடத் தெரியாது. தெரிந்தால் இன்னும் மோசம்: கடன்பட்டவரைக் கழற்றிவிட்டால்தான் எனக்குக் கடன் கிடைக்கும் என்றாகிவிடும்.

இனி கயிறு. என் நண்பர் கழுத்தில் விழுந்தது இதுதான். செயலியை நிறுவும்போதே தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும். கொடுக்காவிட்டால் கடனில்லை. அவசரத்தில் இருப்பவர் அழுத்திவிடுகிறார். அந்தக் கணத்தில் அவரது சமூகம் முழுவதும் வேறொருவர் கைக்குப் போய்விடுகிறது. தண்டனை என்பது பொதுவெளிக் காட்சியாக இருந்த நிலையிலிருந்து, கண்ணுக்குப் புலப்படாத கண்காணிப்பாக மாறியதைத்தான் ஃபூக்கோ 1975இல் வெளிவந்த நூலில் விளக்கினார். கடன் செயலி இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடுகிறது: முதலில் சத்தமில்லாத கண்காணிப்பு, பிறகு ஊர் கூட்டி அவமானம். பார்வையாளர் கூட்டத்தையும் குற்றவாளியே கொண்டுவந்து சேர்க்க வேண்டும், அதுதான் புதுசு.

ரிசர்வ் வங்கி 2021இல் அமைத்த பணிக்குழு, இந்தியப் பயனாளர்களுக்குக் கிடைத்த கடன் செயலிகள் சுமார் 1,100 என்றும் அவற்றில் 600 சட்டத்துக்குப் புறம்பானவை என்றும் கண்டது. 2022 ஆகஸ்டில் வந்த சுற்றறிக்கை, வசூல் முகவர்கள் கடனாளியின் குடும்பத்தினரையும் நண்பர்களையும் தொல்லைப்படுத்தக் கூடாது என்றது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த நெறிமுறைகள், செயலிகள் தொடர்பு எண்களையும் அழைப்புப் பதிவுகளையும் கோப்புகளையும் தொடவே கூடாது என்றன. 2023இல் கூகுளும் தன் செயலிக் கடையில் அதே தடையைக் கொண்டுவந்தது. இவையெல்லாம் தேவையான விதிகள். ஆனால் ரிசர்வ் வங்கியின் விதி அதன் கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் நிறுவனங்களையும் அவற்றின் சார்பில் இயங்குகிறவர்களையும்தான் கட்டுப்படுத்தும். வெளியே இருப்பவன் விதியைப் படித்துவிட்டா கடன் கொடுக்க வருகிறான்?

4

வலைப்பின்னல் எதிர்த்திசையிலும் இழுக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2011இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா பற்று அட்டைக்கு மாதம் 5 டாலர் கட்டணம் என்று அறிவித்தபோது, இணையத்தில் கையெழுத்துகள் குவிந்தன. நவம்பர் 5 அன்று பெரிய வங்கிகளிலிருந்து கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குக் கணக்கை மாற்றுவோம் என்ற அழைப்பு ஃபேஸ்புக்கில் பரவியது. அந்த நாள் வருவதற்குள் வங்கி கட்டணத்தைக் கைவிட்டது. 2013 நவம்பரில் ஜேபி மார்கன் வங்கி ட்விட்டரில் 'எங்களிடம் கேளுங்கள்' என்று அழைத்தது. வந்து குவிந்த கேலியிலும் கோபத்திலும் நிகழ்ச்சியே ரத்தானது. வாயாக எடுத்த வலை காதாக மாறியதை அவர்களால் தாங்க முடியவில்லை.

ஆனால் வலைப்பின்னல் எல்லோருக்கும் ஒரே வலிமையைத் தருகிறது என்று மயங்க வேண்டியதில்லை. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறியது. மறுநாள் வங்கி மூடப்பட்டது. வைப்பாளர்களில் பெரும்பாலோர் ஒருவரையொருவர் அறிந்த தொழில்முனைவோரும் முதலீட்டாளர்களும். செய்தி செல்பேசிகளில் பறந்தது. வைப்புத்தொகையில் 90 சதவீதத்துக்கும் மேல் காப்பீட்டு வரம்புக்கு வெளியே இருந்தது. மூன்றாம் நாள், மார்ச் 12 அன்று, முழுத்தொகைக்கும் அரசு உத்தரவாதம் கொடுத்தது. அவர்களது உறவு வங்கியையே கவிழ்க்கும் ஆயுதமாயிற்று, அரசையும் அசைத்தது. 5,000 ரூபாய்க்கு விண்ணப்பித்த பைண்டிங் தொழிலாளியின் உறவோ பணயக் கைதியாயிற்று. வலை ஒன்றுதான். முனையைப் பிடித்திருப்பது யார் என்பதுதான் கேள்வி.

5

எனவே நிறுவனங்கள் வலைப்பின்னலைப் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கு என் விடை: கேட்கலாம், பதில் சொல்லலாம். ஒருவரை அவரது நண்பர்களைக் கொண்டு எடைபோடக் கூடாது. ஒருவரது கடனை அவரது நண்பர்களிடம் பேசக் கூடாது. இது வங்கிகளுக்கு மட்டுமல்ல, சங்கங்களுக்கும் இயக்கங்களுக்கும்கூடத்தான். நம் வாட்ஸ்அப் குழுக்களில் உறுப்பினர் எண்கள் யார் கையில் இருக்கின்றன, சந்தா பாக்கியை யார் முன்னால் வைத்துக் கேட்கிறோம் என்று நாமும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம்.

நண்பர் விஷயம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். இரண்டு நாள் அவர் அச்சகத்துக்கு வரவில்லை. போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் நாங்கள் நாலு பேர் வீட்டுக்குப் போனோம். "எல்லாரும் பாத்துட்டீங்கல்ல, இனி என்ன இருக்கு" என்றார். பார்த்தோம் என்றோம். பிறகு அவர் செல்பேசியிலிருந்தே எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பினோம்: கடன் வாங்கியது உண்மை, மிரட்டுகிறார்கள், யாரும் பணம் கட்ட வேண்டாம், வருகிற படங்களை அழிக்காமல் எங்களுக்கு அனுப்புங்கள். அந்தப் படங்களோடு போலீசில் புகார் கொடுத்தோம். இப்போது இதற்கு 1930 என்ற எண் இருக்கிறது. அழைப்புகள் ஒரு வாரம் தொடர்ந்தன, பிறகு நின்றன. அவமானம் என்ற கயிறு, கடன் ரகசியமாக இருக்கும்வரைதான் இறுகும். மகளின் டீச்சர் அனுப்பிய பதிலைத்தான் அவர் இன்னும் செல்பேசியில் வைத்திருக்கிறார்: "பாப்பாவ நாளைக்கு ஸ்கூலுக்கு அனுப்புங்க சார்."