நல்ல வேலை, நல்ல முதலாளி – 9: குறையைச் சொல்ல ஓர் ஆள்

வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமங்களில் 'ஆட்கள் தேவை' நோட்டீஸ் ஒட்டாத சுவர் குறைவு. வேன் உண்டு, ஹாஸ்டல் உண்டு, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டு என்று அழைக்கிறார்கள். ஆனால் சேர்ந்தவர் ஏன் நிற்பதில்லை என்று கேட்கும் நிர்வாகங்கள் குறைவு. நல்ல ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த ஆள் கேட்டைத் தாண்டி உள்ளே வந்த பிறகு நடப்பதை இந்த வாரம் பேசுவோம்.

ஆளை நிறுத்திவைக்க இந்த வட்டார நூற்பு மில்கள் ஒரு காலத்தில் கைக்கொண்ட வழி சுமங்கலித் திட்டம். திருமணமாகாத பெண் மூன்றாண்டு வேலை பார்த்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருவார்கள். இடையில் நின்றால் அந்தப் பணம் கைக்கு வராமலே போகலாம். உடம்பு முடியாவிட்டாலும் அவமானப்பட்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். அப்படி இருந்ததை விசுவாசம் என்று சொல்லவே முடியாது.

வேறு வழி உண்டு என்பதைக் காட்டியதும் இதே திண்டுக்கல் மாவட்டம்தான். அதற்குக் கொடுத்த விலை பெரிது. 2021 ஜனவரியில், ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் அவருடைய சூப்பர்வைசர் கைதானார். தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் நீதி கேட்டுப் போராடியது. 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. சங்கமும் ஈஸ்ட்மேனும் மட்டும் அதில் இல்லை; ஆசிய அளவிலும் அமெரிக்காவிலும் இயங்கும் தொழிலாளர் அமைப்புகள் இருந்தன, துணி வாங்கும் எச்&எம் நிறுவனமும் இருந்தது. கேப், பி.வி.எச். நிறுவனங்கள் பிறகு சேர்ந்தன. பாலின வன்முறையும் சாதிப் பாகுபாடும் ஒழிய வேண்டும், சங்கம் சேரும் உரிமை காக்கப்பட வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆலை மீறினால் ஆர்டர் பாதிக்கும்.

இதன் உயிர் ஓர் எளிய ஏற்பாட்டில் இருக்கிறது. சுமார் 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என்று, அவர்களோடு தையல் லைனில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களிலேயே கண்காணிப்பாளர்களைச் சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தது. சூப்பர்வைசர் கெட்ட வார்த்தையில் திட்டினாலும், பாத்ரூம் போக விடாவிட்டாலும் இந்தக் கண்காணிப்பாளரிடம் சொல்லலாம். அவர் நிர்வாகத்திடம் கொண்டுபோவார். அங்கே தீராவிட்டால் ஆலையைச் சாராத மதிப்பீட்டாளர்களிடம் போகலாம். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது.

முதல் ஆண்டு அறிக்கைப்படி வந்த குறைகள் 185, தீர்ந்தவை 182. முன்பு வாய்க்குள்ளேயே அமுங்கியவை வெளியே வந்தன என்பதே அந்த எண்ணிக்கையின் பொருள். புகாரே இல்லாத நிறுவனம் என்று மார்தட்டும் முதலாளி, தன் ஆட்கள் பயந்து கிடக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். தொழிலாளர் நிலை பற்றிய புகாரால் 2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை நாச்சி அப்பேரலின் துணிகளுக்குத் தடை போட்டது, ஆலையில் நிலைமை சரியாவதைக் கண்டு செப்டம்பரிலேயே நீக்கியது. தொழிலாளியின் மானத்தைக் காப்பது ஏற்றுமதியையும் காத்தது.

இருபது பேர் வேலை பார்க்கும் பட்டறைக்கும் இதில் பாடம் உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்க உள் குழு வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். குழு உறுப்பினர்கள் யார் என்று புதிதாகச் சேரும் பெண்ணுக்கு முதல் நாளே அறிமுகப்படுத்துங்கள். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். சம்பளக் கணக்கை அவருக்குப் புரியும்படி விளக்குங்கள். சத்தம் போட்டு பீஸ் எடுப்பவரைச் சூப்பர்வைசராக்காதீர்கள். பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பவரை ஆக்குங்கள். ஊழியர் சந்திக்கும் நிர்வாகம் அந்த ஒரு மனிதர்தான்.

பண்டிகைக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பது நல்லதுதான். ஆனால் குறை சொன்ன மறுநாளும் அதே மெஷினில் தலைநிமிர்ந்து உட்கார முடியும் என்ற உறுதி அதைவிடப் பெரிய மரியாதை. அந்த உறுதி கிடைத்த இடத்துக்கு, தங்கையையும் தோழியையும் தொழிலாளர்களே அழைத்து வருவார்கள்.

(அடுத்த வாரம்: கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை தந்த 2021-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம்)