ஃபயர்வால் யாரைக் காக்கிறது?

பழைய கணினியில் பிராக்ஸ்மாக்ஸ் என்ற மெய்நிகராக்க மென்பொருளை நிறுவி, அதற்குள் நாலைந்து மெய்நிகர் கணினிகளை ஓட்டிப் பழகுவது சர்வர் வேலை கற்க அருமையான வழி. ஆனால் சோதனைக்காக எதையும் நிறுவிப் பார்க்கும் கணினியும், வங்கிக் கணக்கு பார்க்கும் லேப்டாப்பும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கக் கூடாது. நடுவே ஒரு ஃபயர்வால் வேண்டும். தனிப் பெட்டி வாங்கத் தேவையில்லை. அதையும் ஒரு மெய்நிகர் கணினியாகவே ஓட்டலாம்.

இதற்குப் பலரும் நாடுவது பிஎஃப்சென்ஸ். 2004-இல் மோனோவால் என்ற திட்டத்திலிருந்து கிளைத்தது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மேல் இயங்குகிறது. 2015-இல் இதிலிருந்து பிரிந்த ஓபிஎன்சென்ஸும் நல்ல தேர்வுதான்.

ஃபயர்வாலுக்கு இரண்டு நெட்வொர்க் கார்டு கொடுங்கள். ஒன்று வீட்டு ரவுட்டரோடு இணைந்த பிரிட்ஜில் (பிராக்ஸ்மாக்ஸின் மெய்நிகர் சுவிட்ச்), அது வேன். மற்றொன்று எந்த நிஜக் கேபிளும் சேராத புதிய பிரிட்ஜில், அது லேன். சோதனைக் கணினிகள் எல்லாம், அதாவது உங்கள் ஆய்வகம், லேன் பக்கம். பிஎஃப்சென்ஸின் லேன் முகவரி முதலில் 192.168.1.1 என்றிருக்கும். பல வீட்டு ரவுட்டர்களுக்கும் அதே முகவரி என்பதால் உடனே 10.10.10.1 என்று மாற்றிவிடுங்கள்.

இத்தோடு வேலை முடிந்தது என்று பலர் எழுந்துவிடுகிறார்கள். உண்மையில் இப்போது வீட்டிலிருந்து ஆய்வகத்துக்குள் நுழைய முடியாது, அவ்வளவுதான். ஆய்வகத்திலிருந்து வீட்டுக்குள் தாராளமாக வரலாம். லேனிலிருந்து எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று ஒரு விதி தானாகவே இருக்கிறது. அந்த ‘எங்கு வேண்டுமானாலும்’ என்பதில் உங்கள் பிரிண்டரும் லேப்டாப்பும் அடக்கம். காக்க வேண்டியது வீட்டை அல்லவா?

விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் பொருந்துவதே செல்லும். எனவே லேனின் அந்த அனுமதி விதிக்கு மேலே, வீட்டு நெட்வொர்க்கான 192.168.1.0/24 நோக்கிப் போகும் அனைத்தையும் தடுக்கும் விதி ஒன்றைச் சேருங்கள். வீட்டு ரவுட்டர் வழியாகப் போகும் இணையமும் நின்றுவிடுமோ என்ற பயம் வேண்டாம். விதி பார்ப்பது பாக்கெட் போய்ச் சேர வேண்டிய முகவரியை. வழியில் அதைக் கைமாற்றும் ரவுட்டரை அல்ல.

விதியைச் சேர்க்கும் முன்பே சோதனைக் கணினி ஒன்றிலிருந்து வீட்டு ரவுட்டரின் 192.168.1.1-க்குப் பிங் ஓடவிட்டுப் பாருங்கள். விதி சேர்த்த பிறகும் பதில் வந்துகொண்டே இருக்கலாம். ஏற்கெனவே அனுமதித்த தொடர்பை ஃபயர்வால் நினைவில் வைத்திருப்பதே காரணம். டயக்னாஸ்டிக்ஸ் மெனுவில் ஸ்டேட்ஸ் பகுதிக்குப் போய் அந்தப் பதிவுகளை அழித்தால் பிங் நின்றுவிடும். இணையத்திலுள்ள 8.8.8.8-க்கு அனுப்பும் பிங்குக்கு மட்டும் பதில் வர வேண்டும்.