கொல்லிமலையில் அரை நாள் நடை

நெல் அறுவடை முடிந்து வைக்கோல் போர் போட்டபின், தை, மாசியில் விவசாயிகளுக்குச் சிறிது ஓய்வு கிடைக்கிறது. அப்போது குடும்பத்துடன் கொல்லிமலைக்குச் சென்று இரண்டு நாள் தங்கி வருவோர் உண்டு. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் மேலே செம்மேடு. தங்கும் நாட்களில் ஓர் அரை நாளை, அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து ஆகாய கங்கை அருவி வரை நடக்க ஒதுக்கலாம்.

மற்ற மலைகளில் முதலில் ஏற்றம், பிறகு இறக்கம். இங்கு நேர்மாறு. அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். களைத்தபின் அவ்வளவும் ஏற வேண்டும். இறங்கும்போது படிகளை எண்ணுகிறவர்கள் ஏறும்போது எண்ணுவதில்லை! ஆகவே, இறங்க ஆகும் நேரத்தைப் போல் இரு மடங்கை ஏறுவதற்கு வைத்துக்கொள்வது நல்லது. வழி திறந்தவுடன் காலையிலேயே புறப்பட்டால், வெயில் ஏறுமுன் திரும்பலாம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறக்கூடாது. குடிநீர் கையில் இருக்கட்டும். மூட்டு வலி, நெஞ்சு வலி, மூச்சிரைப்பு உள்ளவர்கள் கோயிலோடு நின்றுவிடுவதே மேல்.

மழைக்காலத்தில் அருவி அழகுதான். ஆனால் மேலே பெய்யும் மழை கீழே குளிப்பவருக்குத் தெரியாது. தண்ணீர் திடீரெனக் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் உடனே கரையேற வேண்டும். பங்குனி, சித்திரையில் காய்ந்த புல் பற்றி எரியும் அபாயம் உண்டு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில், நடைப்பயணம் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோர் காட்டுத் தீயில் சிக்கி இறந்தனர். எனவே வனத்துறையினர் வழியை அடைத்திருந்தால் குறுக்கு வழி தேட வேண்டாம். பீடித் துண்டை எறிவதும் கூடாது.

போகும் வழியில் பார்க்க வேண்டியவை பல. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடியை ஏற்றி, நிழலில் காப்பி வளர்த்திருக்கிறார்கள். தை, மாசி மிளகு பறிக்கும் சமயம். சாமை, தினை பயிரிடுவோரும் இங்கு உண்டு. தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு உள்ளே சென்றால், அவர்களே விளக்கிச் சொல்வார்கள்.

ஒன்றில் மட்டும் ஆசையை அடக்க வேண்டும். நல்ல வாழையைக் கண்டதும் ஒரு கன்றைப் பெயர்த்துச் சாக்கில் கட்டி வருவது நம்மவர் வழக்கம். முடிக்கொத்து நோய் தாக்கிய மரத்தின் கன்று, பார்வைக்கு நல்ல கன்று போலவே இருக்கக்கூடும். நட்ட பிறகுதான் இலைகள் சிறுத்து, உச்சியில் கொத்தாக நிற்கும். அசுவினிப் பூச்சி அதை அடுத்தடுத்த மரங்களுக்குப் பரப்பிவிடும். இதற்கு மருந்து கிடையாது. மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழிப்பது ஒன்றே வழி. கீழ்ப்பழனி மலையில் பெயர் பெற்ற விருப்பாட்சி வாழையை அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனது இந்நோய்தான். புதிய ரகம் வேண்டுவோர், நோயற்றது எனச் சோதித்த திசு வளர்ப்புக் கன்றை வாங்கி நடலாம். மலையிலிருந்து கொண்டுவர மிளகும் பழமும் போதும்.