ஆயுதப் பயிற்சியில் அடக்கமே முதற்பாடம்

துப்பாக்கி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன திரைப்படக் காட்சிகளே. குறி தவறாத வீரன், புகை, பேரோசை! ஆயின், அக்கருவியைக் கையாளக் கற்பிக்கும் ஆசிரியர்களோ, சுடுவதைச் சொல்லித்தருமுன் சுடாதிருப்பதையே சொல்லித்தருகின்றனர். ஆயுதமே தொடாத நம்போன்ற குடும்பத்தினரும் அவர்களிடம் கற்க வேண்டுவன சில உள.

இத்துறையில் புகழ்பெற்ற ஆசிரியர் ஒருவர், அமெரிக்க மரீன் படையில் அதிகாரியாயிருந்த ஜெஃப் கூப்பர். 1976 ஆம் ஆண்டில் அரிஸோனா மாநிலத்தில் பயிற்சிப் பள்ளி ஒன்றை நிறுவிய அவர், 2006 இல் காலமானார். அவர் வகுத்த விதிகள் நான்கு. எந்தத் துப்பாக்கியும் தோட்டா நிரம்பியதென்றே கொள்ள வேண்டும். அழிக்க விரும்பாத எதன்மீதும் அதன் முனை திரும்பலாகாது. குறி நிலைபெறும்வரை விரல் விசையைத் தீண்டலாகாது. இலக்கு இன்னது, அதன் பின்னால் இருப்பது இன்னது எனத் தெளிதல் வேண்டும்.

இவ்விதிகளின் சிறப்பு, ஒன்றுக்கொன்று காவலாய் நிற்பதே. விரல் தவறினும், முனை ஆளில்லாத் திசையை நோக்கியிருப்பின் உயிர் தப்பும். மனிதன் மறக்கக்கூடியவன் என்பதை அறிந்தே, அறிவை நம்பாமல் பழக்கத்தை நம்பினர் ஆசிரியர்கள். “வெறும் துப்பாக்கிதானே” என்ற சொல்லே அவர்கள் மிகவும் அஞ்சும் சொல்.

இது நமக்கெதற்கு என்பீர்கள். வடநாட்டு நகரங்களில் வாழும் நம்மவர்க்கு அண்டை அயலாரின் திருமண அழைப்புகள் வருவதுண்டு. ‘பாராத்’ எனும் மாப்பிள்ளை ஊர்வலத்தில் மகிழ்ச்சி மிகுதியால் சுடும் வழக்கம் சிற்சில இடங்களில் உண்டு. அதனால் உயிர்கள் மாய்ந்த செய்திகளையும் நாம் படித்திருக்கிறோம். வானை நோக்கிச் சுட்ட தோட்டா வானிலேயே தங்கிவிடுவதில்லை. எங்கோ, எவர்மீதோ இறங்குகிறது. நான்காம் விதியை மீறிய செயல் இது. 2019 ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற ஆயுதச் சட்டம், பிறர் உயிருக்கு ஊறு நேருமாறு இவ்வாறு சுடுவோர்க்கு இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க வகைசெய்கிறது. எனவே, ஊர்வலத்தில் துப்பாக்கியைக் கண்டால் குழந்தைகளை அழைத்துக்கொண்டு உடனே அகன்றுவிடுக. அழைத்தவர் மனம் கோணுமே என்று தயங்க வேண்டா. கோணிய மனத்தைப் பின்னர் நேராக்கலாம். போன உயிரை மீட்க இயலாது.

கூப்பர் கற்பித்த மற்றொரு பாடம் மனநிலை பற்றியது. சுற்றுப்புறம் மறந்திருக்கும் நிலையை வெண்மை என்றும், அமைதியான விழிப்பை மஞ்சள் என்றும், ஐயத்திற்குரிய ஒன்றைக் கண்டு கவனிப்பதை ஆரஞ்சு என்றும், செயலுக்கு ஆயத்தமான நிலையைச் சிவப்பு என்றும் அவர் பிரித்தார். மஞ்சள் நிலை அச்சமன்று. இரயில் நிலையத்தில் கைப்பேசியிலிருந்து கண்ணெடுத்துப் பெட்டியையும் பிள்ளையையும் ஒருமுறை பார்ப்பது, புதிய கட்டடத்தில் நுழைகையில் வெளியேறும் வழியை அறிந்துகொள்வது, அவ்வளவே.

நம் குடியிருப்பு வாயிலில் நிற்கும் காவலாளியின் பயிற்சியும் இதையே உணர்த்துகிறது. 2005 ஆம் ஆண்டின் தனியார் காவல் நிறுவனச் சட்டம், பயிற்சி பெற்றவரையே காவலாளியாக அமர்த்த வேண்டுமென்கிறது. அச்சட்டத்தையொட்டி 2006 இல் வெளிவந்த மைய அரசின் மாதிரி விதிகளில் தீயணைப்பு, முதலுதவி, அடையாளச் சீட்டுச் சோதனை, கூட்டத்தை ஒழுங்குசெய்தல் ஆகியன பாடங்களாயிருந்தன. துப்பாக்கி கையாளுதலோ விருப்பப் பாடமாயிருந்தது! காவலின் முதற்கருவி கண்ணே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? ஆதலின், நம் விருந்தினரை அவர் வாயிலில் நிறுத்திப் பெயர் கேட்டால் சினவாதிருப்போம். அவர் தம் பாடத்தை மறவாதிருக்கிறார். நாமும் நம் பாடத்தை மறவாதிருப்போமாக.